பெருவழியும் கடைமடையும்

தாராபுரத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அரை நூற்றாண்டாகச் சேர்த்த நூல்களையும் சிற்றிதழ்களையும் கையெழுத்து நோட்டுகளையும் ஓர் அறை நிறைய விட்டுவிட்டுக் காலமானார். வீட்டை இடித்துக் கட்டுவதென்று பிள்ளைகள் முடிவுசெய்திருந்தார்கள். பழைய பேப்பர் கடைக்காரர் வந்து பார்த்து விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். செய்தி எங்களுக்கு எட்டியது தாமதமாகத்தான். நாங்கள் மூவர், மூவரும் கல்லூரிகளில் தமிழ் கற்பிப்பவர்கள். அத்தனையையும் விலைக்கு வாங்கக் காசும் இல்லை, வைத்துக் காக்க இடமும் இல்லை. “எத்தனை வேணுமோ அத்தனையும் படம் புடிச்சுக்கோங்க சார். வைகாசிக்குள்ள மட்டும் வீட்டைப் பிரிச்சாகோணுங்க” என்றார் மூத்த மகன். அந்த மட்டில் நல்ல மனிதர்.

கோடை விடுமுறையில் முப்பத்தாறு நாள் அங்கேயே கிடந்தோம். இரண்டு கேமரா, ஒரு கண்ணாடிப் பலகை, இரண்டு மேசைவிளக்கு. 58 ஆயிரம் பக்கங்கள் தேறின. பக்கத்துக்கு 32 மெகாபைட் என்று சுருக்காத படங்களாகச் சேமித்ததில் மொத்தம் 1.9 டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் ஒரே ஒரு வன்தட்டில். (இந்த “ஒரே ஒரு” என்பதில் உள்ள மடமை முழுவதும் எங்களுடையது, யார்மீதும் பழி போட இடமில்லை.) கடல்கடந்த ஆவணக் காப்பகம் ஒன்று படங்களைப் பெற்றுக்கொள்ள இசைந்தது. எங்கள் இணைப்பு வினாடிக்கு 100 மெகாபிட் என்று ரசீதில் போட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாற்பத்தொரு மணி நேரத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் போனதோ வினாடிக்கு ஐந்து மெகாபிட். ஐந்து வாரம் ஆகும் என்று கணினி சொன்னது. சரி, ஆகட்டும் என்று விட்டுவிட்டோம். பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் வன்தட்டு டக் டக்கென்று இரண்டு முறை ஒலித்துவிட்டு நின்றுபோனது. அதற்குள் வீடும் இல்லை, அறையும் இல்லை, தாள்கள் எடைக்குப் போய்விட்டிருந்தன.

போய்ச் சேர்ந்தவை 32 ஆயிரம் பக்கம். கேமரா அட்டைகளில் அழிக்காமல் கிடந்தவை ஒரு நாலாயிரம். மீதி 22 ஆயிரம் பக்கங்களும் வரிசையில் நின்றபடியே இறந்தன. அவற்றுள் பல நூல்களுக்கு வேறு நூலகங்களில் படி இருக்கக்கூடும். அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகர் ஒருவர் சொல்லச் சொல்லப் பெரியவர் எழுதிவைத்த இரண்டு கோடு போட்ட நோட்டுகளுக்கு வேறு படி இல்லை. முதல் நோட்டில் பதினொரு பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. பன்னிரண்டாம் பக்கம் பாதிவரை தெரிகிறது. கீழே சாம்பல் நிறம்.

நிற்க. இழப்பைச் சொல்லி ஆற்றிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. தமிழ்நூல்களைக் கணினியேற்றுவது குறித்து இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். எழுத்துரு, குறியேற்றம், ஒளிவருடி, மெய்ப்பு, பதிப்புரிமை என எல்லாவற்றையும் பேசியாயிற்று. படமெடுத்ததை முழுதாக, விரைவாக, பழுதின்றி இன்னோர் இடத்துக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று மட்டும் தமிழ்த்துறைக்காரர்களாகிய நாம் பேசியதே இல்லை. அது கணினிக்காரர் வேலை என்று ஒதுக்கிவிட்டோம். அப்படி ஒதுக்கியது பிழை என்பதே இங்கு நாங்கள் சொல்ல வந்தது. ஒரு நூல் தப்பிப் பிழைத்தது என்று சொல்லத்தக்க கணம், அது படமாகிற கணம் அன்று; அதன் இரண்டாம் படி வேறோர் ஊரில் இறங்கி, ஒப்புநோக்கப்பட்டு, சரி என்று ஆகிற கணம்.

நம்மிடம் இருப்பவற்றில் பலவும் இடம்பெயர்ந்ததால் பிழைத்தவைதாம். கொங்கு வரலாறு எழுதுவோர் எவரும் தவிர்க்கவியலாத ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் சுவடி கர்னல் காலின் மெக்கன்ஸியின் சேகரிப்பில் இருந்தது. அவர் 1821-இல் கல்கத்தாவில் இறந்தபின் அந்தச் சேகரிப்பு பிரிந்து, ஒரு பகுதி இலண்டன் போய், தென்னாட்டு மொழிச் சுவடிகள் பல சென்னைக்குத் திரும்பின. அதன்பிறகே கோவைகிழார் இராமச்சந்திரன் செட்டியார் கையில் அச்சேறும் பேறு அந்நூலுக்கு வாய்த்தது. உ.வே.சா. அவர்கள் ஏடு தேடி அலைந்ததை நாம் வகுப்பில் சொல்லாத ஆண்டில்லை. மாட்டுவண்டியிலும் ரயிலிலும் ஏடு பயணம் செய்ததும், பல இடத்துப் படிகள் ஒரே மேசைக்கு வந்ததும்தான் அந்தப் பதிப்புகளுக்கு அடிப்படை. மறுபுறம் 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த 97 ஆயிரம் நூல்களை நினைக்கலாம். அங்கிருந்தவற்றில் வேறெங்கும் இரண்டாம் படி இல்லாதவை எவை என்பதுதான் இன்றுவரை ஆறாத கேள்வி. 2005-இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கிய ஈழத்து நண்பர்களுக்கு இதை நாம் எடுத்துச்சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது.

“படங்களை ஏன் சுமக்கிறீர்கள்? தட்டச்சு செய்து அனுப்பினால் முடிந்தது” என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அப்படித்தான் செய்தது. அன்றைய தொலைபேசி வழி இணைப்பில் அதற்கு மேல் ஏதும் இயலாது. திருக்குறள் முழுவதும், 1330 குறளும், ஒருங்குறியில் கால் மெகாபைட்டைத் தாண்டாது. கைப்பேசியில் ஒரு புகைப்படம் அனுப்புவதைவிட எளிது. ஆனால் அதே குறள் உரையோடு எழுதப்பட்ட ஓலைச்சுவடியைப் படமாக எடுத்துப் பாருங்கள். நாற்பது சென்டிமீட்டர் நீளமும் மூன்றரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் ஏட்டின் ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வண்ணத்தில் எடுத்தால் 23 மெகாபைட் ஆகும். இருநூறு ஏடு கொண்ட சுவடி ஒன்பது கிகாபைட்டுக்கு மேல் போய்விடும். பல்லாயிரம் மடங்கு வேறுபாடு.

அந்தச் சுமை வீண்சுமை அன்று. ஓலையில் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். ஓரத்தைச் செல்லரித்திருக்கும். தட்டச்சு செய்கிறவர் ஒவ்வோர் எழுத்திலும் ஒரு முடிவு எடுக்கிறார்; அந்த முடிவு சரியா என்று பின்னால் வருகிறவர் பார்க்க வேண்டுமானால் படம் வேண்டும், அதுவும் சுருக்கி மங்கலாக்காத படம் வேண்டும். பாடபேதம் என்ற சொல்லை மதிப்பெண் வாங்குவதற்கு மட்டும் படித்தவர்களுக்கு இது புரியாமல் போகலாம்.

எங்கள் 100 மெகாபிட் ஐந்தாகச் சுருங்கிய கதைக்கு வருவோம். கல்லூரியில் கணினித்துறை நண்பர் ஒருவரிடம் புலம்பினோம். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, “லைன்ல குத்தமில்லீங்க சார். தூரமும் கசிவுந்தான்” என்றார். அவர் விளக்கியதை நம் ஊர் வழக்கில் சொல்லிப் பார்க்கிறோம். பிழை இருந்தால் அது எங்களுடையது.

கீழ்பவானி வாய்க்காலை அறிந்தவர்களுக்கு இது எளிது. பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் வாய்க்கால் அது. வாய்க்காலின் அகலம் வேறு, மதகு திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர ஆகும் நாள் வேறு. அகலத்தை இரட்டிப்பதால் தூரம் குறைந்துவிடாது. கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கோவையிலிருந்து கடலடிக் கம்பிவழியாக அமெரிக்க மேற்குக் கரைக்குப் போய்வரக் கால் வினாடி ஆகிறது. கால் வினாடிதானே என்று தோன்றும். ஆனால் இணையத்தில் தரவு ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. சிறு சிறு பொதிகளாகக் கட்டி அனுப்பப்படுகிறது. பொதி ஒன்றுக்கு ஏறத்தாழ 1460 பைட். “வந்து சேர்ந்தது” என்று மறுமுனையிலிருந்து ஒப்புகை வரும்வரை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அனுப்புகிறவர் அனுப்பக் கூடாது. டி.சி.பி. என்னும் நெறியின் தொடக்க வரையறையில் அந்த அளவு 65,535 பைட். சுமார் நாற்பத்தைந்து பொதி. நாற்பத்தைந்து பொதியை அனுப்பிவிட்டுக் கால் வினாடி கைகட்டி நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் வினாடிக்கு இரண்டு மெகாபிட்டுக்குமேல் போகவே போகாது. உங்கள் வாய்க்கால் நூறு மெகாபிட் ஆனாலும் பத்து கிகாபிட் ஆனாலும் அதே இரண்டுதான். இதற்கு 1992-இலேயே மாற்று வகுத்துவிட்டார்கள். இப்போதைய கணினிகள் பெரிய அளவை ஏற்கின்றன. ஆனால் இருமுனை மென்பொருளும் நடுவழிக் கருவிகளும் ஒத்துழைத்தால்தான் அது பலிக்கும்.

அடுத்தது கசிவு. வழியில் ஒரு பொதி தொலைந்தால் அனுப்புகிற கணினி, “பாதையில் நெரிசல்” என்று எண்ணிக்கொண்டு தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது; பிறகு மெல்ல மெல்ல ஏற்றுகிறது. இந்த ஒழுக்கம் பிறந்த கதை சுவையானது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் நானூறு கெஜ தொலைவில் இருந்த இரண்டு நிறுவனங்களுக்கு இடையே வினாடிக்கு 32 ஆயிரம் பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று வெறும் 40 பிட்டாக விழுந்தது. எல்லோரும் தொலைந்த பொதிகளையே மறுபடி மறுபடி அனுப்பி வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வான் ஜேக்கப்சன் என்பவர் அதை ஆராய்ந்து 1988-இல் நெரிசல் தவிர்க்கும் முறையை வெளியிட்டார். இழப்பைக் கண்டால் ஒதுங்கு, வழி விடு, பின் மெல்ல வா. கடைமடைக்காரனுக்கும் தண்ணீர் போகட்டும் என்று மேல்மடைக்காரன் தன் மடையைக் கொஞ்சம் அடைத்துக்கொள்வது போன்ற அறம். அந்த அறம் இல்லாவிட்டால் இணையமே இல்லை.

ஆனால் தூரம் கூடக்கூட அந்த ஒழுக்கமே தண்டனையாகிவிடுகிறது. ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒப்புகை போய்வர வேண்டும் அல்லவா? மேத்திஸும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் தந்த வாய்பாட்டின்படி நண்பர் போட்ட கணக்கு இது: பத்தாயிரம் பொதியில் ஒன்று தொலைகிறது என்று கொண்டால், போய்வர நூற்றிலொரு வினாடி ஆகிற சென்னைக்கு வினாடிக்கு 140 மெகாபிட் வரை அனுப்பலாம். அதே இழப்பில், கால் வினாடி ஆகிற அமெரிக்காவுக்கு ஆறு மெகாபிட்டைக்கூட எட்டாது. எங்கள் ஐந்து எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது. பெரிய வழிகளில் நிலைமை இன்னும் விசித்திரம். பத்து கிகாபிட் பாதையை, போய்வரப் பத்திலொரு வினாடி ஆகும் தொலைவில், பழைய நெறியால் நிரப்ப வேண்டுமானால் ஐந்நூறு கோடிப் பொதிக்கு ஒன்றுக்குமேல் தொலையக் கூடாது. அதாவது ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரே ஒரு பொதி. 2003-இல் சாலி ஃபிளாய்ட் அதிவேக வழிகளுக்கெனப் புதிய நெறியை முன்மொழிந்தபோது காட்டிய கணக்கு அது. எந்தக் கம்பியும் அவ்வளவு தூய்மையாக இராது.

பேரளவுத் தரவு நகர்த்துவோர் இதற்கெல்லாம் வழி கண்டிருக்கிறார்கள். ஒரே கோப்பைப் பல இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்புவது ஒன்று; ஓர் இழை தடுமாறினாலும் மற்றவை ஓடும். இழப்புக்குப்பின் விரைந்து மீளும் ‘க்யூபிக்’ என்னும் முறை 2006 முதல் லினக்ஸில் இயல்பாகவே இருக்கிறது. கூகுள்காரர்கள் 2016-இல் வெளியிட்ட ‘பி.பி.ஆர்.’ தொலைந்த பொதியை வைத்து முடிவுசெய்யாமல் பாதையின் தாங்குதிறனை அளந்து நடந்துகொள்கிறது. இன்னொன்று எங்களை மிகவும் ஈர்த்தது. பெருந்தரவுக்கென்று நிறுவனத்தின் பொதுவாசலுக்கு வெளியே தனிவாசல் வைப்பது. நம் கல்லூரிகளில் தேர்வுக் கட்டணம் கட்டுவதும், பையன்கள் கிரிக்கெட் பார்ப்பதும், ஆய்வுத்தரவு போவதும் ஒரே பாதுகாப்புச் சுவரின் ஒரே துளைவழிதான். அந்தச் சுவர் ஒவ்வொரு பொதியையும் பிரித்துச் சோதிக்கும். சோதிக்க முடியாத வேகத்தில் வந்தால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பத்தாயிரத்தில் ஒன்று தொலைவது கடலில் அன்று, வாசற்படியில்.

இந்த அறிவெல்லாம் நம் நாட்டில் இல்லாததும் அன்று. ஜெனிவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தில் துகள்கள் மோதுவதால் விளையும் தரவு, மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்துக்கும் வலைவழியாகவே வந்து சேர்கிறது. அதற்கு வழியாக இருப்பது தேசிய அறிவு வலையமைப்பு. 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 5,990 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த திட்டம். வினாடிக்குப் பல பத்து கிகாபிட் ஓடும் முதுகெலும்பு. 1,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை இணைப்பது இலக்கு. உண்மையிலேயே பெருவழி. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துக் கல்வெட்டொன்று இராசகேசரிப் பெருவழி என்று பெயர் சொல்லும்; பாலக்காட்டுக் கணவாய்வழி மேலைக்கடலுக்குப் போன சாலை. பெருவழி போட்ட அரசர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. கேள்வி, அந்த வழியிலிருந்து பிரியும் இட்டேரிகள் எங்கே என்பதுதான்.

2009-இல் தொடங்கிய தகவல்தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கம் பல்கலைக்கழகங்களுக்கு வினாடிக்கு ஒரு கிகாபிட் தர எண்ணியது. கல்லூரிகளுக்கு? ஒவ்வொன்றும் 512 கிலோபிட் வேகம் கொண்ட சில இணைப்புகள். கொங்குநாட்டில் தமிழ் முதுகலை நடத்தும் கல்லூரிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. திட்டம் தீட்டியவர்களைக் கேட்டால், இயற்பியலாருக்குப் பெட்டாபைட் வேண்டும், தமிழாசிரியருக்கு மின்னஞ்சல் போதும் என்று எண்ணியதாகச் சொல்லியிருப்பார்கள். நாமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தோம், இல்லையா? விண்ணப்பத்தில் “துறைக்குத் தேவையான இணைய வசதி” என்ற கட்டத்தில் எங்கள் துறை ஆண்டுதோறும் எழுதிய விடை “ஒன்று” என்பதே. ஒரு கணினி, ஒரு இணைப்பு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அழுகிறவன் தன் வாய்க்காலைத் தூர்வாரிய நாள் எது என்றும் சொல்ல வேண்டும்.

இன்று தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டுசெல்லும் அரசுத் திட்டம் இருக்கிறது. கம்பி தெருமுனைவரை வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். நாங்கள் பட்டதிலிருந்து ஒன்று சொல்லலாம்: விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இறங்குமுக வேகம். படம் பார்க்கிறவனுக்கு அது போதும். ஏடு அனுப்புகிறவனுக்கு வேண்டியது ஏறுமுகம். நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இருபுறமும் ஒத்த வேகம் கேட்டுப் பெறவேண்டும். கேட்பதற்கு முதலில் அந்தச் சொல் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பியைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தினால் பாதிக் கதைதான். எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்திய மின்னணு நூலகம் நினைவிருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ராஜ் ரெட்டியின் பத்து லட்சம் நூல் கனவின் பகுதியாக, இரண்டாயிரமாம் ஆண்டுகளில் எழுப்பியது. ஆய்வுக்கு அலைந்த காலத்தில் அங்கே கிடைத்த தமிழ்நூல்களைக் கண்டு நாங்கள் கூத்தாடினோம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறக்கும். அடுத்த பக்கத்துக்கு அம்புக்குறி. அரை நிமிடம் காத்திருப்பு. சில பக்கம் வரவே வராது. பொறுக்கமாட்டாத ஆர்வலர்கள் பக்கங்களைத் தொடர்ந்து இறக்கித் தைத்துத் தரும் சிறு மென்பொருள்களை எழுதிப் பரப்பினார்கள். இரவெல்லாம் ஓடவிட்டு, காலையில் ஒரு நூல். அப்புறம் ஒரு நாள், 2017 வாக்கில், தளமே மூடப்பட்டது. பதிப்புரிமைச் சிக்கல் காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்த நூல்கள் இன்று எங்கே? பொதுத்தகவல் உரிமைக்காகப் போராடிவரும் கார்ல் மலமுட் முயற்சியால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இணைய ஆவணகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அங்கே பழைய தமிழ்நூல் தேடி எடுக்கிற யாரும் முகவரியில் ‘இன்.எர்நெட்.டிஎல்ஐ.2015’ என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பார்கள். மறைந்துபோன வீட்டின் கதவிலக்கம் அது. எர்நெட் என்பது 1986-இல் ஐந்து ஐ.ஐ.டி.களையும் இந்திய அறிவியல் கழகத்தையும் இன்னும் இரண்டு அமைப்புகளையும் கொண்டு தொடங்கிய நம் நாட்டின் முதல் கல்வி வலை. வலையின் பெயர் நூலின் முகவரியில் ஒட்டிக்கொண்டு, நூலகம் மூடிய பின்னும் நிற்கிறது.

பக்கம் பக்கமாகப் பார்க்கவிடும் நூலகம் வாசகருக்கு உதவலாம், நூலுக்கு உதவாது. ஒட்டுமொத்தமாக எடுத்துச்செல்ல வழி வைத்தால்தான் மூடுகிற நாளில் நூல் பிழைக்கும். ஆனால் நம் நிறுவனங்கள் பலவற்றுக்கு “முழுதாக எடுத்துக்கொள்” என்றால் குலை நடுங்குகிறது. யாரோ அச்சிட்டு விற்றுவிடுவார்கள் என்ற அச்சம். நம்மிடம் மட்டும் இருக்கட்டும் என்ற ஆசை. பதிப்புரிமை உள்ள நூல்களில் அச்சம் நியாயமே. எழுத்தாளர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. பொதுவெளியில் காட்டாமல் பூட்டிவைத்த இரண்டாம் படியாகவே அது இருக்கட்டும். உரிமைக்காலம் முடிந்தவற்றிலும், நாட்டுடைமையானவற்றிலும், ஓலைச்சுவடியிலும் அந்த வாதம் செல்லாது. சுவடியைப் பூட்டி வைத்துச் செல்லரிக்கவிட்டவர்களைத் திட்டித்தானே நூற்றாண்டாகப் பாடநூல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதுவரைக்கும் என்ன செய்வது? வெட்கப்படாமல் வன்தட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியேறலாம். உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுகளே அப்படித்தான் நடக்கின்றன. கருந்துளையை முதன்முதலாகப் படமெடுத்தார்களே, 2017 ஏப்ரலில் எட்டுத் தொலைநோக்கிகள் திரட்டிய பெட்டாபைட் கணக்கான தரவு வலைவழி வரவில்லை. அரை டன் எடைக்கு வன்தட்டுகள் விமானத்தில் போயின. தென்துருவத்துத் தட்டுகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. படம் வெளியானது 2019 ஏப்ரலில். தென்னாப்பிரிக்காவில் 2009-இல் ஒரு நிறுவனம் நான்கு கிகாபைட் அட்டையைப் புறாவின் காலில் கட்டி எண்பது கிலோமீட்டர் அனுப்பியது. புறா போய், அட்டையைக் கணினியில் இறக்கி முடித்தபோது, அகலக்கற்றை வழியே நூற்றுக்கு நான்கு பங்குதான் வந்திருந்தது. நம் தூது இலக்கியப் புலவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். வலையை நம்பியே வயிறு வளர்க்கும் அமேசான்கூட 2016-இல் நூறு பெட்டாபைட் கொள்ளும் கொள்கலன் லாரி ஒன்றை இறக்கியது. அத்தனையையும் ஒரு கிகாபிட் வழியில் அனுப்பினால் இருபத்தைந்து ஆண்டு ஆகும். 2024-இல் அந்த லாரியை நிறுத்திவிட்டார்கள். நாமக்கல்காரர் யாரையாவது கலந்திருந்தால் வாடகை கட்டுபடியாகும் வழி சொல்லியிருப்பார்.

எனினும் வன்தட்டுப் பயணத்தை நிலையான வழியாக நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஆள் வேண்டும், விடுப்பு வேண்டும், தட்டு கீழே விழாமல் இருக்க வேண்டும். ஒருமுறை கொண்டுபோகலாம், நாள்தோறும் சேர்கிறதை நாள்தோறும் கொண்டுபோக முடியாது. வலை அப்படிப் போகும், நாம் தூங்கும்போதும் போகும். தமிழ்த்துறைகள் ஒரு பத்து சேர்ந்து, பெருவழியில் ஏற்கெனவே இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றின் வாசலில் தமக்கென ஒரு தரவு வாங்கியை வைத்து, இரவு நேரத்தில் தம் சேகரிப்புகளை அங்கே தள்ள இசைவு கேட்டால், செலவு ஒரு கருத்தரங்கப் பந்திச் செலவைத் தாண்டாது என்கிறார் நண்பர். கேட்டு எழுதியிருக்கிறோம். விடை வரவில்லை.

சென்ற மாதம் பெருந்துறைப் பக்கத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஒரு மரப்பெட்டி, உள்ளே கணக்கோலைகளும் ஒரு வைத்தியச் சுவடியும். இம்முறை முதல் நாளே மூன்று வன்தட்டு வாங்கினோம். ஒன்று கோவையில் எங்களிடம். ஒன்று ஈரோட்டில் நண்பர் வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். மூன்றாவது வெள்ளிக்கிழமை இரவு சேரன் விரைவு வண்டியில் சென்னைக்குப் போகிறது. நான்கு டெராபைட் கொள்ளும் தட்டு, எட்டு மணிநேரப் பயணம். நிரம்பிய தட்டு என்று கொண்டால் வினாடிக்கு ஒரு கிகாபிட்டுக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் சரிபார்ப்பு எண் எடுத்துத் தனித்தாளில் அச்சிட்டு, தாளை வேறொருவர் பையில் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை அங்கே ஒப்புநோக்கி, எண்கள் பொருந்துகின்றன என்று தொலைபேசி வந்தபின்தான் மரப்பெட்டியை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு.